மெழுகுத் தேரும் மரத் தேரும்

கள்ளக்குறிச்சியில் ஒரு மரச் சிற்பப் பட்டறையின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொட்டாப்புளி உளியின் தலையில் விழுகிற சப்தம் தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இடையிடையே அது நின்றுபோகும். அப்பொழுது சிற்பி குனிந்து வாயால் ஊதி, செதுக்கிய இடத்திலிருந்து தூளை அகற்றுகிறார் என்று அர்த்தம். பட்டறைக்குப் பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர், ஓர் அன்னப் பட்சியின் சிறகைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கோயிலின் வாகனத்துக்கு அந்தச் சிறகு.

என்னிடமிருந்த செல்போனில் ஒரு படத்தை எடுத்து அவரிடம் காட்டினேன். ஒரு லாரியின் நீளத்துக்கு நிற்கும் தேர் அது. முன்னால் படமெடுத்த நாகம். அதற்குப் பின் கருடன். பக்கங்களில் அன்னங்களும் தேவ கணங்களும். நடுவே கொடிக் கருக்கும் பூவேலையும் நிறைந்த ஓர் உயர்ந்த ஸ்தம்பம். எல்லாம் ஒரே நிறம். பழுத்த மாம்பழத்தின் மஞ்சள்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். “வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் ரேகை ஓடவில்லையே! இது என்ன மரம், தம்பி?” என்று கேட்டார்.

“மரம் இல்லை ஐயா, மெழுகு” என்றேன்.

“மெழுகா? நம்முடைய மெழுகுவர்த்தி மெழுகா?” என்றார். படத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் விடவில்லை.

அந்தப் படம் தாய்லாந்தைச் சேர்ந்தது. நம் பாட்டனார் காலத்தில் சயாம் என்று வழங்கிய அத்தேசத்தின் வடகிழக்கில், மூன் நதிக் கரையில், உபோன் ராச்சதானி என்று ஒரு நகரம் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் ஏதோ அந்நிய பாஷை என்று தோன்றும். சற்று நிதானித்து உச்சரித்துப் பார்த்தால் உத்பல ராஜதானி என்ற வடமொழிப் பெயர்தான் அவர்கள் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது என்று தெரியவரும். தாமரைத் தலைநகரம் என்பது பொருள். பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி விழாவுக்கு இன்றும் வைத்திருக்கும் பெயர் நம் திருவெம்பாவையிலிருந்து வந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாய் இராது.

ஆஷாட மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள் பௌத்த பிக்ஷுக்களின் மழைக்காலத் தங்கல் ஆரம்பமாகிறது. ஆங்கில மாதக் கணக்கில் பெரும்பாலும் ஜூலையில் வரும். வயல்களில் இளம் பயிர் தலை தூக்கும் காலம்; ஊர் ஊராய் நடக்கும் துறவிகளின் காலடியில் முளை மிதிபடலாகாது என்பதற்காக மூன்று மாதம் ஒரே விகாரையில் தங்கவேண்டும் என்று புத்தர் விதித்ததாகச் சொல்லுவார்கள். தங்குகிறவர்கள் இரவில் சுவடி படிக்க வெளிச்சம் வேண்டுமல்லவா? மின்சார விளக்கு இல்லாத நாளில் ஊர் ஜனங்கள் தேன்கூட்டு மெழுகைத் திரட்டி, திரி வைத்து, விகாரைக்குக் கொண்டு போய்க் கொடுத்தார்கள். ஏழை ஒரு சிறு வர்த்தி. வசதியுள்ளவர் ஒரு பெரிய வர்த்தி. சிறு வர்த்திகளை ஒன்றாய்க் கட்டினால் பெரியதாகும் என்று ஒரு தெருவார் கண்டுகொண்டார்கள். வண்ணக் காகிதம் சுற்றினால் அழகாகும் என்று அடுத்த தெருவார் கண்டுகொண்டார்கள். போட்டி பிறந்துவிட்டது.

ஊர்வலமாக அது உருவெடுத்ததற்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். அப்பிரதேசத்தில் மழை வேண்டி மூங்கில் குழாயில் வெடிமருந்து திணித்து வானத்தில் ஏவும் ராக்கெட் திருவிழா ஒன்று உண்டு. 1901-ஆம் வருஷ வாக்கில், உபோனில் அரசப் பிரதிநிதியாக இருந்த சன்பாசித்தி பிரசோங் என்ற அரச குமாரர் அந்த விழாவில் குடியும் கைகலப்பும் உயிர்ச் சேதமும் மிஞ்சிப் போனதைக் கண்டு அதை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக மெழுகுவர்த்தி ஊர்வலத்தை நடத்தும்படி கட்டளையிட்டாராம். ஒன்றைத் தடை செய்ததோடு அவர் நின்றிருந்தால் இன்று அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தடை செய்த இடத்தில் ஜனங்களின் கைகளுக்கு ஒரு வேலையையும் கண்களுக்கு ஒரு காட்சியையும் வைத்தார்.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு உறுத்தாமல் இல்லை. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்த ஊரின் பெயர் தேசம் முழுவதும் அடிபட்டது. விஷச் சாராயத்தினால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு மூன்று வருஷம் முன்பே இதே ஊரின் பெயரை மரச் சிற்பத்துக்காக அரசாங்கப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். எத்தனை பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன?

உபோனுக்குத் திரும்புவோம். அங்கே மெழுகுவேலையில் இரண்டு முறைகள் வழங்குகின்றன. ஒன்று அச்சுமுறை. மெழுகை உருக்கித் தகடாக்கி, பூவும் இலையும் வெட்டிய அச்சுகளில் பதித்து எடுத்து, ஓரம் நறுக்கி, ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாய் ஸ்தம்பத்தின் மேல் ஒட்டுகிறார்கள். இதற்கு அபாரத் திறமை வேண்டாம், பொறுமை வேண்டும். ஆகையால் விகாரையின் முற்றத்தில் கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் பிக்ஷுக்களுமாக உட்கார்ந்து செய்கிறார்கள். மற்றொன்று செதுக்குமுறை. உள்ளே சட்டம் கட்டி, அதன்மேல் தடிமனாக மெழுகை ஏற்றி, ஆறிய பிறகு கத்தியாலும் சுரண்டும் கருவிகளாலும் உருவத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். ஜாதகக் கதைகள், ராமகியன் என்று அவர்கள் சொல்லும் ராமாயணக் காட்சிகள், நாகம், கருடன், அன்னம். நம்முடைய தேர்த்தட்டில் இருக்கும் அதே பரிவாரங்கள்தாம்.

மெழுகின் குணம் விசித்திரமானது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி சூட்டில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே, நடுப்பகல் வெயிலிலேயே, தளர ஆரம்பிக்கும். தளர்ந்த மெழுகில் கத்தி வைத்தால் கோடு வழுக்கும். மிகவும் குளிர்ந்துவிட்டாலோ செதிலாகப் பெயரும். சரியான பதத்துக்கு இடைவெளி கொஞ்சந்தான். இன்று பாரபின் முதலிய மெழுகுகளும் சேருகின்றன. மழைக்கால விழாவாக இருப்பதும் ஒரு சௌகரியம். மேகம் மறைத்திருக்கும்போது கருடனின் மூக்கு வளையாமல் இருக்கும்!

ஊர்வல தினத்தன்று அரசர் அளிக்கும் மெழுகுவர்த்தி முன்னே செல்ல, துங் ஸி முவாங் என்ற நகரத் திடலை ஒட்டி ஒவ்வொரு விகாரையின் தேரும் ஆடல் பாடலுடன் வரிசையாய் வருகிறது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டுச் சுற்றுலாத் துறையும் ஆதரவு தந்து, பிற தேசத்தாரும் வந்து பார்க்கும் விழாவாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களுக்காகவே தேர்கள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டு போகின்றன என்று ஒருவர் குறை சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சுவடி படிக்க வெளிச்சம் தேவையான பிக்ஷுவுக்கு இருபது கருடன்கள் எதற்கு?

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “விழா முடிந்த பிறகு அதை என்ன செய்வார்கள்?”

“விகாரைக்குக் கொண்டு போய் வைப்பார்கள். கொஞ்ச காலம் பொறுத்துப் பெரும்பாலும் உருக்கிவிடுவார்கள். அந்த மெழுகு மறுபடியும் உதவும்” என்றேன்.

இத்தனை வேலையும் உருகிப் போவதா என்று அவர் வருத்தப்படுவார் என எதிர்பார்த்தேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்படியானால் அடுத்த வருஷமும் வேலை உண்டு” என்றார்.

பெரியவர் இதைச் சொன்னதன் கருத்து எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு கல்வராயன் மலைப் பக்கம் போய்விட்டு வந்தபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கோமுகி அணையைத் தாண்டினால் மலை ஏறத் தொடங்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவாகச் சொல்லுவார்கள். மலையாளிகள் என்னும் மலைவாசிகளின் பூமி. கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள் மலையாளிகள். தேசம் விடுதலை அடைந்தது 1947-இல். ஆனால் இந்த மலை மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியிலிருந்து விடுபட்டு முழுவதுமாக அரசாங்க நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல்தான். சுதந்திரம் மலையேற இருபத்தொன்பது வருஷம் பிடித்தது.

மெழுகு இப்படிப்பட்ட மலைகளில் பிறக்கிற பொருள். பாறை விளிம்பிலும் பெரு மரக் கிளைகளிலும் கூடு தொங்கவிடும் மலைத்தேனீயின் அடையை, புகை போட்டு, கயிற்றில் தொங்கி அறுத்து எடுப்பார்கள். தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைக் கொதிநீரில் இட்டு, துணியில் வடித்து, ஆறவிட்டால் மேலே கட்டியாக மிதப்பது மெழுகு. ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ வரை தேனைச் செலவழிக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தேனுக்குத் தரும் மரியாதையில் பாதிகூட மெழுகுக்குத் தராத நாம் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

மெழுகில் சிற்பம் செய்வது நமக்குப் புதிதா என்றால், இல்லை. தமிழ்நாட்டைப்போல் மெழுகில் சிற்பம் செய்த தேசம் அருமை. நாம் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் நான்கு பங்கு தேன்மெழுகுக்கு நான்கு பங்கு குங்கிலியமும் ஒரு பங்கு கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில்தான் முதலில் மூர்த்தியை உருவாக்குகிறார்கள். தென்னங்கீற்றை மடித்து அளவு குறித்த ஒடியோலைதான் அவர்களுக்கு அளவுகோல். முகம், விரல், யக்ஞோபவீதத்தின் புரி வரை மெழுகில் முடிந்தாகவேண்டும். பிறகு காவிரி வண்டலை அரைத்துப் பூசி, மேலும் மண் ஏற்றி, காய வைத்து, நெருப்பில் இடுகிறார்கள். மெழுகு உருகி வழிந்துவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஓர் அச்சில் ஒரு மூர்த்திதான். மண்ணை உடைத்தால் அச்சும் போயிற்று. இந்த முறைக்கு வடமொழி நூல்கள் ‘மதூச்சிஷ்டம்’ என்று பெயரிட்டிருக்கின்றன. தேனின் எச்சில் என்பது பொருள். வீதியில் எழுந்தருளும் உற்சவ மூர்த்தியைக் கைகூப்பி வணங்கும் நாம், அதற்குள் ஒரு மெழுகுச் சிற்பம் மறைந்து போயிருக்கிறது என்று நினைப்பதில்லை.

பௌத்த உற்சவத்துக்கும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. நாகப்பட்டினத்தில் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் சரித்திரம் அறிந்தது. 1856 முதல் 1930-கள் வரை அவ்வூர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த உலோகப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் ஒரு புத்தர் இன்று நியூயார்க்கில் ஆசியா சொஸைட்டியிடம் இருக்கிறார். அவருடைய பீடத்தில் தமிழ்ச் சாசனம் இருக்கிறது. அக்கசாலைப் பெரும்பள்ளியைச் சேர்ந்த கோயிலுக்குத் திருவுற்சவம் எழுந்தருளுவதற்காகச் செய்த ஆழ்வார் இவர் என்று அது கூறுகிறது. ஆழ்வார் என்று அங்கே சொல்லியிருப்பது புத்தரை! அக்கசாலை என்றால் பொற்கொல்லர், உலோக வேலைக்காரர்களின் சாலை. கைவினைஞர்கள் பெயரால் ஒரு பள்ளி. அந்தப் பள்ளிக்கு ஓர் உலாத் திருமேனி. உபோனில் அரச குமாரர் ஊர்வலம் ஏற்படுத்துவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு நம் கடற்கரைத் தெருவில் புத்தர் பவனி வந்திருக்கிறார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வழியாக மேற்கே சேலம் பாதையில் போனால், தலைவாசலுக்கு அருகே தியாகனூர் என்ற கிராமத்திலும் கல்லில் வடித்த புத்தர் தியானத்தில் அமர்ந்திருப்பதைக் காணலாம். சுற்றிலும் வயல். பவனி போகாதவர், பல நூற்றாண்டுகளாய் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்.

இனி, பெரியவர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். கல்லில் செய்தது நிற்கும். வெண்கலத்தில் செய்தது நிற்கும். நல்ல மரத்தில் செய்த தேரும் மழை படாமல் காத்தால் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும். நிற்பது கோயிலுக்கு லாபம். செய்கிறவனுக்கு? ஒரு ஊருக்குத் தேர் செய்து முடித்தவன், அதே ஊரில் மறுபடியும் தேர் வேலை பார்க்க அவனுடைய பேரன் வரவேண்டும். அந்தப் பேரன் உளி பிடிக்கத் தெரிந்தவனாய் இருக்கவேண்டுமே! உபோனில் நேற்றுச் செய்தது இன்று உருகுவதால் ஆண்டுதோறும் புதிதாய்ச் செய்யவேண்டியிருக்கிறது. சிறுவன் பத்து வயதில் அச்சுப் பூ ஒட்டத் தொடங்குகிறான். இருபது வயதில் கத்தியைத் தொடுகிறான். அதற்குள் பத்துத் தேர் பார்த்துவிடுகிறான்.

இதைப் போன்ற வழக்கம் இந்த ஜில்லாவிலேயே ஒன்று இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவில் கூவாகம் என்ற கிராமத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் விழா நடக்கிறது. திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழும் விழாவாக உலகம் அதை அறியும். சிற்பக் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் தெரியும். அரவானின் தலை மரம். உடல் ஆண்டுதோறும் வைக்கோலாலும் பூமாலையாலும் புதிதாய்க் கட்டப்படுகிறது. களப்பலி ஆனதும் மாலைகள் உரிக்கப்படுகின்றன. பெரிய திருமேனி கலைந்துவிடுகிறது. அடுத்த சித்திரைக்கு மறுபடியும் கட்டவேண்டும். கட்டத் தெரிந்தவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்துகொண்டே இருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சிற்பிகளுக்கு அப்படி ஆண்டு முறை வைத்து வேலை தருபவர் எவரும் இல்லை. மதுரைப் பக்கத்திலிருந்து பழங்காலத்தில் இடம் பெயர்ந்தவர்களால் இக்கலை இங்கே வேரூன்றியது என்று சொல்லுவார்கள். வாகை, தேக்கு, பூவரசு என்று மரத்துக்கு மரம் குணம் வேறு. வாகை விலை குறைவு, உளிக்கு இணங்கும். தேக்கு நிற்கும், ஆனால் வாங்குவதற்குள் மூச்சு முட்டும். பச்சை மரத்தில் கை வைத்தால் ஆறு மாதத்தில் விநாயகரின் வயிறு வெடித்துவிடும். ஆகையால் நிழலில் காயப் போட்டுக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் காலத்துக்கும் சேர்த்து மரத்தில் பணம் முடங்கிக் கிடக்கும். காகிதத்தில் வரைந்த உருவை மரத்தில் ஏற்றி, பெரிய உளியால் கழிக்க வேண்டியதைக் கழித்து, சிறிய உளிகளால் நகையும் மடிப்பும் எடுத்து, உப்புத் தாளால் தேய்த்து முடிப்பார்கள். மெழுகில் தவறினால் ஒரு சொட்டு ஊற்றி ஒட்டிவிடலாம். மரத்தில் மூக்கு போனால் போனதுதான்.

2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று சொல்லி விற்கக்கூடாது என்பது அதன் சாரம். நல்லதுதான், ஆனால் அது பெயரைக் காக்குமே தவிர வேலையைக் கொண்டுவந்து தராது. கணினி இயக்கும் செதுக்கு யந்திரம் கதவையும் பலகையையும் சில மணி நேரத்தில் கோடு கோடாய் உழுது தள்ளிவிடுகிறது. வாங்குகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், பார்க்கிறவர் யார்? கொரோனா நோயினால் 2020-இல் கோயில் திருவிழாக்கள் நின்றபோது வாகன வேலையும் நின்றது. அப்பொழுது வேறு தொழிலுக்குப் போன சில இளைஞர்கள் திரும்பி வரவில்லை என்று பெரியவர் சொன்னார். அவருடைய பிள்ளையும் அவர்களில் ஒருவர். அதைச் சொல்லும்போது அவர் உளியை நிறுத்தவில்லை.

“ஐயா, கோயில்காரர்கள் வருஷத்துக்கு ஒரு வாகனம் புதிதாய்ச் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? பழையதை எங்காவது பள்ளிக்கூடத்துக்கோ காட்சிசாலைக்கோ கொடுத்துவிட்டு?” என்று கேட்டேன்.

“யார் பணம் கொடுப்பார்கள்?” என்றார்.

“உபோனில் ஊரார் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தெருவும் தன் பங்குக்குப் போடுகிறது.”

“இங்கேயும் தெரு போடுகிறது, தம்பி. சாமியானாவுக்கும் சீரியல் விளக்குக்கும் போடுகிறது.”

எனக்குப் பதில் தோன்றவில்லை. சாயங்கால வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பட்டறைப் பையன்கள் உளிகளைத் துடைத்துத் துணியில் சுருட்டி வைத்தார்கள். நான் எழுந்தபோது பெரியவர், “அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டு” என்றார். விரலால் பெரிதாக்கி, அந்த மஞ்சள் அன்னத்தின் சிறகில் இறகு வரிசைகளை எண்ணினார். அவர்களுடையது ஐந்து வரிசை. தம்முடைய மரச் சிறகைப் பார்த்தார், அதில் நான்கு. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சிறகின் ஓரத்தில் இன்னும் செதுக்காமல் விட்டிருந்த இடத்தில், ஐந்தாவது வரிசைக்குக் கோடு போட ஆரம்பித்தார்.